நொச்சி எந்தப் பக்கம்

திருப்பதி மருந்துக்கடைக்கு மூலிகை பறிக்கும் நாகபூஷணத்துக்கு, இலை தெரியாதவன் பேசினால் மட்டும் கோபம் வரும்.

சத்தியவேட்டுப் பக்கம் எல்லை பிரித்தபோது, நொச்சி வேலி வரைக்கும் மெட்ராஸ், அதைத் தாண்டினால் ஆந்திரா என்றது பழைய பதிவேடு. அவன் தெருவுக்கு முன்னால் மெட்ராஸ் பக்கம் ஒரு வேலி, பின்னால் ஆந்திரா பக்கம் ஒரு வேலி. இரண்டிலும் ஊதாப் பூ. மெட்ராசிலேயே இருந்துவிட, பின்வேலிதான் நொச்சி என்று தெருவே சர்வேயரிடம் சாதித்தது.

“ரெண்டும் ஒண்ணுதானேய்யா?” என்றார் அவர்.

நாகபூஷணத்துக்குப் பொறுக்கவில்லை. “எப்படி சார் ஒண்ணாவும்? பின்னால மூணு இலை, நீர்நொச்சி. முன்னால அஞ்சு இலை. அதான் நொச்சி.”

சர்வேயர் எழுதிக்கொண்டார். தெரு ஆந்திராவுக்குப் போனது.

மனைவி வள்ளி சோற்றுக்குப் பதில் பின்வேலிக் கொத்தொன்றைத் தட்டில் வைத்தாள். “துன்னு.”

மூன்று மூன்று இலை. சரியாகத்தான் சொல்லியிருந்தான்.