பயப்படுவதற்கு லீவு

நான் மலேசியாவின் பள்ளியிறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிய வருடம், பரீட்சையில் தேறுவது படிப்பால் அல்ல, பயத்தால்தான் என்று உறுதியாக நம்பினேன். பயந்தால்தான் என் மூளை விழித்திருக்கும். கொஞ்சம் நிம்மதியாக இருந்துவிட்டால் படித்தது அத்தனையும் மறந்துவிடும். அதனால் மூன்று வேளையும் தவறாமல் பயந்தேன். செஜாரா என்கிற வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேளை. அதில் தோற்றால் சான்றிதழே கிடையாது.

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில் வருடாவருடம் பரீட்சைப் பூசை நடக்கும். எல்லாப் பிள்ளைகளின் பேனாக்களையும் ஒரே தாம்பாளத்தில் வைத்து அர்ச்சனை செய்வார்கள். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே நீலப் பேனா. அடையாளத்துக்கு என்னுடையதில் சிவப்பு நூல் சுற்றியிருந்தேன். பூசாரி கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தார். என் பேனா, வகுப்பில் கடைசி வரிசையில் தூங்குகிறவனிடம் போய்விட்டது; அவனுடையது என் கைக்கு வந்தது.

"டேய், அது என்னுது. குடு லா."

"எதுல எழுதுனா என்ன மச்சான்? பூசாரி எல்லாத்துக்கும் சேத்து ஒரே பூதானே போட்டாரு."

அவன் தரவில்லை. அவனுடைய பேனாவோடுதான் செஜாரா எழுதப் போனேன். கேள்வித்தாளைத் திறந்தால் நெஞ்சு படபடக்கவில்லை. தூங்குமூஞ்சியின் குணம் பேனா வழியாக ஏறிவிட்டது என்றே நினைத்தேன். தோற்றுப்போய் நிற்பதாகக் கற்பனை செய்தேன். அப்பாவின் முகத்தை நினைத்தேன். ம்ஹூம். மனம் வயிறு நிறைந்த மாடுபோல் அசைபோட்டுக்கொண்டு கிடந்தது. இப்படிப் பயத்தைத் தேடியே பத்து நிமிடம் போயிற்று. பிறகு வேறு வழியில்லாமல் பதில் எழுதினேன்.

செஜாராவில் நல்ல மதிப்பெண்ணே வந்தது. முடிவு வந்த அன்று அம்மாவிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன்.

"அன்னைக்கு எனக்குப் பயமே வரலம்மா. எப்படி பாஸானேன்னு தெரியல."

"எப்படி வரும்? கம்பெனிக்கு லீவு போட்டுட்டு, உனக்கும் சேத்து நாந்தானே வீட்டுல உக்காந்து பயந்துக்கிட்டு இருந்தேன். பச்சைத் தண்ணி குடிக்கல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்தது நான், எழுதியது நான், பெயர் அம்மாவுக்கா?

"சரி, கார் லைசன்ஸ் டெஸ்ட் என்னைக்கு?" என்றார் அம்மா.

"எதுக்கு?"

"லீவு எழுதிக் குடுக்கணும்ல."

இனிமேல் எனக்காக யாரும் பயப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வர்ற செவ்வாக்கிழமை," என்றேன்.