புழு இல்லாத புழுவெட்டு

பிஸ்கட் தொழிற்சாலையின் பொட்டலப் பிரிவில் அவளுக்குக் கொண்டைக்காரி என்று பெயர். மற்றவர்கள் தலை எப்படிக் கலைந்தாலும் அவள் கொண்டை மட்டும் ஓர் இழை பிசகாது. "கூந்தல் இருக்கிறவ அள்ளி முடியிறா, உனக்கென்னடி வயித்தெரிச்சல்?" என்று ஒருத்தி இன்னொருத்தியைச் சீண்டுவாள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கும்போது காதோரம் ஒட்டிய பசைநாடா தோலை இழுக்கும்.

இரண்டாவது பிள்ளை பிறந்த மறுவருஷம் உச்சந்தலையில் காசளவு வழுக்கை விழுந்தது. பிறகு அங்கொன்று இங்கொன்று. பார்த்தவர்கள் புழுவெட்டு என்றார்கள். புருவமும் உதிர்ந்த பிறகு நாத்தனார்தான் பொய்முடி வாங்கி வந்தாள். "வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பிள்ளைங்களுக்கு யாரு சம்பந்தம் பேச வருவா? மூடிக்கிட்டு இரு." அவளும் மூடிக்கொண்டாள். யாராவது கதவைத் தட்டினால் தாழ்ப்பாளுக்கு முன்னால் தலைக்குத்தான் கை போகும்.

அன்று காலை கண்காணிப்பாளர் வந்து ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை நிறுத்தச் சொன்னார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே பாதி பிஸ்கட், அதில் ஒட்டிக்கொண்டிருந்த நீளமான கருமுடி. கடைக்காரர் திருப்பி அனுப்பியது.

"மாவுப் பிரிவும் வாங்க, எல்லாரும் வரிசையா நில்லுங்க. தொப்பி, வலை எல்லாத்தையும் கழட்டுங்க. ஒத்துப் பார்க்க ஆளுக்கு ஒரு முடி குடுக்கணும். மேல இருக்கிறவங்க என் கழுத்தைப் பிடிக்கிறாங்க."

கொண்டைக்காரி தொப்பியை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பொய்முடியும் கருப்பு, நீளம். அதிலிருந்து ஓர் இழையை உருவிக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அதற்குள் எடைபோடுகிறவளின் முறை வந்தது. அவள் தடித்த பின்னல் எந்தத் தொப்பிக்கும் அடங்காது.

"நீளம் சரியா இருக்கே. உன் முடிதான். நாளையிலேர்ந்து வராத."

"சார், என்னுது சுருட்டை. இது நேரா இருக்கு, பாருங்க சார்."

"பெல்ட்டுல இழுபட்டா எல்லாம் நேராத்தான் ஆகும்."

"அவளை விடுங்க சார்" என்று தன் குரலே எழும்பியது கேட்டுக் கொண்டைக்காரிக்குத் திக்கென்றது. "என்கிட்ட குடுக்க முடி இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் காதோர நாடாவை உரித்தாள். பொய்முடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கண்காணிப்பாளர் பக்கம் அதைத் தள்ளினாள். "இதுவா இருந்தாலும் இருக்கும். நல்லாப் பார்த்துக்கோங்க. அவ வேலையில கை வைக்காதீங்க."

பின்னாலிருந்தவர்கள் விலகும் காலடிச் சத்தம் கேட்டது. "ஐயோ, இவ பாட்டில்லதானே தண்ணி குடிச்சேன், ஒட்டிக்குமா?" என்று மாவு பிசையும் பிரிவுக்காரி பதறினாள். வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள்.

"புழுவெட்டா?" கண்காணிப்பாளர் முகம் சுளித்தார். "தின்கிற பொருள்ல கை வைக்கிற இடம்மா இது. வெளிய போ."

கொண்டைக்காரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல சார். நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நான் காட்டுற தோல் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். எல்லாரும் கேளுங்க. அப்புறமும் போகச் சொன்னா போறேன்." "சரி, ஒரு வாரம். அதுவரைக்கும் உள்ள வரக்கூடாது" என்றார் அவர்.

வீட்டில் நாத்தனார் தாம்தூம் என்று குதித்தாள். "தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே!" லாரி ஓட்டும் கணவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தலைக்கு வந்தது பொய்முடியோட போச்சு, விடுக்கா" என்றான். கொண்டைக்காரி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

மறுவாரம் சாப்பாட்டு இடைவேளையில் டாக்டரம்மா வந்தார். உடம்பின் காவல்படையே முடியின் வேரைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது என்றார். தொட்டால், சீப்பைப் பகிர்ந்தால், ஒரே பாட்டிலில் குடித்தால் வராது. திரும்ப முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். "புழுவெட்டுன்னு பேரு வச்சது யாரோ தெரியல. அந்தப் பேருதான் ஒட்டுவாரொட்டி."

"நிச்சயமா ஒட்டாதா?" கண்காணிப்பாளர் கடைசியிலிருந்து கேட்டார்.

"உங்க வீட்டம்மாவுக்கு வந்தா தனித்தட்டு வைப்பீங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பெல்ட்டைப் போடச் சொன்னார். கொண்டைக்காரியைப் போகச் சொல்லவில்லை. அந்த முடி யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. எடைபோடுகிறவள் வேலையில் நீடித்தாள்.

கொண்டைக்காரி இப்போது வெறுந்தலைமேல் தொப்பி போட்டு வருகிறாள். சிலர் இன்னும் ஓரடி தள்ளியே உட்காருகிறார்கள். ஒருநாள் கழிப்பறையில் மாவுப் பிரிவுக்காரி கதவைத் தாழிட்டுவிட்டுப் பின்னலை அவிழ்த்தாள். பிடரியில் காசளவு வழவழப்பு.

"இது போன வருஷமே வந்துச்சு. யாராச்சும் கண்டுபிடிச்சா உன்னால வந்ததுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னுதான் அன்னிக்கு அப்படிக் கத்தினேன்."

கொண்டைக்காரிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. ஓங்கி அறையலாம் போலிருந்தது. கண்ணாடியில் அந்தப் பிடரி தெரிந்தது. அதன்மேல் விரல் வைத்து மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"டாக்டரம்மாகிட்டப் போனியா?"

"தனியாப் போக பயமா இருக்கு."

"லீவு நாள்ல போகலாம். முதல்ல முடியை முடி, வெளிய ஆளு நிக்குறாங்க."