குடிக்காதவனின் தொப்பை

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். அப்பாவுக்கும் இதே உடம்புதான். அவர் கள்ளுக்கடைப் பக்கமே போனதில்லை. ஆனாலும் தோட்டத்து லயத்து வீடுகளில் அவருக்குப் பெயர் கள்ளுத்தொப்பை. எங்கள் ஆட்களுக்கு ஒரு கணக்கு உண்டு: கால் மெலிந்து வயிறு பெருத்தால் அவன் குடிகாரன்.

நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். குடிப்பதில்லை.

போன மாதம் ஜெராம் ஊரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னண்ணே, சாயந்தரம் ஆனா நல்லா ஊத்துவீங்க போல லா! வயிறே சொல்லுதே!”

எல்லாரும் சிரித்தார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பியதும், “குடிகாரர் வீட்டுச் சம்பந்தம் வேண்டாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மகள் அழுதாள். “இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா?”

மறு வாரம் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் இனிப்புநீர் சோதனைக்குக் கிளினிக் போனேன். டாக்டர் சின்னப் பொண்ணு, தமிழ்ப் பொண்ணு. இடுப்பில் டேப் வைத்து அளந்தார். ஸ்கேன் பார்த்துவிட்டு, கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்றார்.

“நான் குடிக்கிறதில்ல டாக்டர்.”

“நான் கேக்கவே இல்லையே அங்கிள்!” என்று சிரித்தார். “குடிக்காதவங்களுக்கும் இது வரும். உங்க அப்பாவுக்கும் இதே வயிறா?”

ஆமாம் என்றேன். கொழுப்பு உடம்பில் எங்கே போய்ச் சேரும் என்பது பெரும்பாலும் பிறப்பிலேயே வருகிறதாம். சிலருக்கு இடுப்பிலும் தொடையிலும் சேரும். எங்கள் குடும்பத்துக்கு வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றிச் சேருகிறது. அதுதான் மோசமாம். சோற்றையும் சீனித் தண்ணியையும் குறைத்து, தினமும் நடக்கச் சொன்னார். குறைத்தேன். கன்னம் ஒட்டியது, வயிறு அப்படியே இருக்கிறது. இப்போது பார்த்தால் முன்னைவிடக் குடிகாரன் மாதிரி இருக்கிறேன்.

அப்பா நெஞ்சுவலியில் போனபோதும், குடித்துச் செத்தான் என்றார்கள். அந்தப் பேச்சு என்னோடு முடியட்டும் என்று நேற்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெராமுக்கே போனேன். மாப்பிள்ளை வீட்டு வாசலில் அந்தத் தாய்மாமன் நின்றார். டாக்டர் சொன்னதையெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னேன்.

அவர் என் தோளைத் தட்டினார். “விடுங்கண்ணே. குடிக்கிறவன் எவன் ஒத்துக்கிட்டிருக்கான் லா?”

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். “சொன்னீங்களாப்பா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள், புதன்கிழமை.