தேதிப்படி அடுக்கிய குழாய்கள்

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நெல்லித்தோப்பு பேருந்து நிறுத்தத்தில் அந்த ஆராய்ச்சி மாணவியைச் சந்தித்தேன். ஒல்லியான உருவம், மடியில் தெர்மாகோல் பெட்டி. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கடல் முள்ளெலியோட கருங்க சார். ரெண்டு இனம். பிரிஞ்சு எத்தனையோ லட்சம் வருஷம் ஆச்சு. கரு வளரும்போது எந்தெந்த ஜீன் ரெண்டுலயும் இன்னும் ஒரே மாதிரி வேலை செய்யுதுன்னு பாக்கறேன்."

பிறகு, "கொஞ்சம் பாத்துக்குங்க, ஐஸ் வாங்கிட்டு வந்துடறேன்" என்று எதிர்க் கடைக்குப் போனார்.

நான் மூடியைத் திறந்தேன். இரண்டு வரிசையில் சிறு குழாய்கள், ஒவ்வொன்றின்மேலும் ஒரு தேதி. தேதிகள் முன்பின்னாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துத் தேதிப்படி அடுக்கி மூடிவிட்டேன்.

அவர் திரும்பி வந்து, உள்ளே கவனிக்காமல் ஐஸைக் கொட்டினார்.

"மேல் வரிசை ஒரு இனம், கீழ் வரிசை இன்னொண்ணு. அவசரத்துல தேதி மட்டும்தான் எழுதினேன். இது கலைஞ்சா என் ஆறு மாசம் போச்சு சார்" என்று சிரித்தார்.

அதற்குள் பேருந்து வந்தது. "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று ஏறிக்கொண்டார். கூட்டம் ஏறி முடியும்வரை சொல்ல நேரம் இருந்தது.

என் நாட்குறிப்பில் அந்தப் பேருந்து புறப்பட்ட நிமிடம்கூட இருக்கிறது. நான் செய்ததை மட்டும் எழுதவில்லை.