நங்கை பிடித்த பிளக்

சோளக்காடு ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் சிப்ஸ் கடை. வாழைக்காய் சீவுகிற மெசினை மகன் வாங்கிப் போட்டான். அதைத் துடைக்கிற வேலை எனக்கும் என் வீட்டுக்காரரின் அக்காவுக்கும். அவரை நங்கை என்று கூப்பிடுவேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அதன் வாசலில் புளியங்காய் தின்றது அதிகம். நங்கை அந்த வாசலையும் பார்த்ததில்லை. ஆனாலும் இருவருக்கும் விரல்கள் முழுசாக இருந்தன.

காரணம், எங்கள் வழக்கம். கடைசிச் சிப்ஸை எண்ணெயிலிருந்து அள்ளியதும் நங்கை பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்வார். உள்ளே காய் சீவுகிற தகடு சுற்றி ஓய்கிறவரை காத்திருந்து நான் கேட்பேன்.

"நங்கே, பிளக்கு கையில இருக்குதுங்களா?"

"இருக்குது. நீ கைய வெய்யி, அம்முணி."

பேரன் பேத்தி எடுத்தவளைச் சின்னப்பெண் போல அம்முணி என்று கூப்பிட அவர் ஒருத்தர்தான் இருந்தார். அதற்குப் பிறகே மூடியைக் கழற்றுவேன். வாழைக்கறை தகட்டில் பசையாக ஒட்டியிருக்கும். துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். கூர்மையான ஓரம் நெடுகத் துணியை ஓட்டக்கூடாது. அப்புறம் சுடுதண்ணீர்த் துணி, கடைசியில் காய்ந்த துணி.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், எண்ணெய்க் கிண்ணத்தை இழுக்கக் கையை வெளியே எடுத்த நேரம் மெசின் ஓடியது. உள்ளே விட்டிருந்த துணி நார்நாராகப் பறந்தது. திரும்பினால், பிளக்கைச் சொருகிவிட்டு நங்கை நிற்கிறார்.

"ஏம் புள்ள மெசின நிறுத்திப்போட்ட? காய் கெடக்குதல்ல?"

காய் ஒன்றுகூட இல்லை. கூடையைக் கவிழ்த்து வைத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் அவர் ஒரே சிப்ஸுக்கு இரண்டு முறை உப்புப் போட்டபோதெல்லாம் நான் கேலி பேசிச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

"அத்தைய இனி ஊட்லயே உட்ருங்கம்மா," என்றான் மகன்.

வீட்டில் தனியாக உட்கார வைத்தால் நங்கை கரைந்துபோவார். அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டியின் வயரை நறுக்கி, அந்தப் பிளக்கை அவர் கையில் கொடுத்தேன். மெசின் பிளக்கை வயரோடு இழுத்து என் மடியில் செருகிக்கொண்டேன். நான் கேட்பேன், அவர் சொல்வார். எல்லாம் பழையபடியே நடந்தது.

ஒரு சாயங்காலம் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இஸ்திரிப் பொட்டியோடது. எந்தம்பி சட்ட தேச்ச பொட்டி. எனக்குத் தெரியாதா? இன்னைக்கி நல்லா ஞாவகம் இருக்குது. நெசத்தக் குடு."

"குடுத்தா அதையும் எண்ணெயில போட்டுப் பொரிச்சிருவீங்க."

நங்கை சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டிப் பிளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்தேன்.

"இருக்குது. கைய வெய்யி."

மூடியைக் கழற்றினேன். துணியில் எண்ணெய் தொட்டேன். கை தகட்டுக்குப் போகவில்லை. துணியோடு மடியிலேயே கிடந்தது. சேலையில் எண்ணெய் ஊறியது.

நங்கை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து மெசின் பிளக்கை என் மடியில் வைத்தார். இஸ்திரிப் பெட்டிப் பிளக்கை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"இருக்குது," என்றார், நான் கேட்காமலேயே. "கறை காஞ்சிரும். தொடை, அம்முணி."