கோயில் வீதியில் உருண்ட கடிகாரம்

கதிரவெளிக் கனகசூரியத்துக்கு அன்றைக்குள் நேர்த்தி முடிந்தாக வேண்டும். மகள் உசாந்திக்கு வேலை கிடைத்தால் டவுன் பிள்ளையார் கோயில் வீதியை உருண்டு வலம் வருவதாக அவர் நேர்ந்திருந்தார். பிள்ளையார் வேலையைக் கொடுத்தார், கையோடு இடுப்பு வலியும் வந்தது. உருளவே கூடாதென்று உசாந்தி தடுத்துவிட்டாள். திருவிழாவோ அன்றோடு முடிகிறது.

அவளுக்கு வேலை ஒரு போன் கடையில். அன்று அந்தக் கடை மட்டக்களப்பு வாவிக்கரையில் கண்காட்சி வைத்திருந்தது. துணி போல மடிகிற போன்களை வாய் பிளந்து பார்த்து நின்ற தகப்பனின் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டினாள். இதைக் கட்டிய ஆள் எங்கே விழுந்தாலும் தன் கையிலுள்ள போன் அலறும் என்று சனத்துக்கு விளக்கினாள்.

"இதுக்குள்ளயே சுத்திப் பாருங்க அப்பா."

ஓம் என்றவர், நேரே ஓட்டோவில் ஏறிக் கோயிலுக்குப் போனார். குளித்து ஈர வேட்டியோடு நின்று கடிகாரத்தைக் கழற்றப் பார்த்தார். எத்தனையோ மீன்வலைச் சிக்கலை எடுத்த விரல்களுக்கு அந்தப் பூட்டு மசியவில்லை. பிள்ளையார் பொறுப்பு என்று வீதியில் படுத்து உருண்டார்.

கண்காட்சியில் போன் அலறியது. அப்பா விழுந்துவிட்டாராம். இதுவும் விளக்கந்தான் என்று சனம் கை தட்டியது. மறுபடி அலறியது. உம்மாவுக்குக் கடிகாரம் வாங்க மனைவி நிஸ்மியாவோடு வந்திருந்த காத்தான்குடி நஸீர், அவர் விழுந்த இடத்தைத் திரையில் காட்டிய வரைபடத்தை உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்கட அப்பா கோயிலச் சுத்திச் சுத்தியெல்லோ விழுறாரு?"

உசாந்திக்கு விளங்கிவிட்டது. அவர்களுடைய வேனிலேயே மூவரும் கோயிலுக்கு விரைந்தார்கள்.

இன்னும் அரை வீதி கிடந்தது. மேலெல்லாம் மணலோடு கனகசூரியம் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்காக நேர்ந்தது புள்ள. பாதியில எழும்ப ஏலாது."

அவள் குனிந்து கடிகாரத்தைக் கழற்றி நிஸ்மியாவிடம் நீட்டினாள்.

"மெல்லமா உருளுங்க. நான் பிடிச்சுக்கொண்டு வாறன்."

தோளைத் தாங்கித் தாங்கி அவள் கூடவே நகர்ந்தாள். உம்மாவுக்கும் இதையே வாங்குவோம் என்று நஸீர் சொல்ல, அவ தொழுகையில் நெற்றி நிலத்தில் பட சுஜூதுக்குப் போனாலும் இது அலறுமோ என்று நிஸ்மியா கவலைப்பட்டாள்.

நேர்த்தி முடிந்தது. எழும்பத்தான் முடியவில்லை. ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கும்போது கனகசூரியம் மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"இடுப்புக்கு உங்கட கடையில ஒண்டும் வரல்லையா புள்ள?"