பஸ்ஸில் மகள் சொன்ன பதில்

இன்று தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் நானும் பத்தாவது படிக்கும் என் மகளும் திரும்பிக்கொண்டிருந்தோம்.

முன் சீட்டிலிருந்த எங்கள் தெரு அக்கா திரும்பி, "ஆஸ்பத்திரியில பாத்தேனே, யாருக்கு என்ன?" என்றார்.

பல்வலி என்று பொய் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"எனக்குத்தான் பெரியம்மா. டிப்ரஷன். டாக்டர்கிட்ட பேசிட்டு வர்றேன். இப்ப நல்லா தூங்குறேன், ஸ்கூலுக்கும் போறேன்."

அக்கா எழுந்து எங்கள் சீட்டுக்கே வந்து நெருக்கி உட்கார்ந்தார்.

"எங்க சின்னவளும் ரூமை விட்டு வரவே மாட்டேங்குறாம்மா. அங்க என்ன கேப்பாங்க?"

"முதல் தடவை நான் அழுதுட்டேதான் இருந்தேன். அவங்க அவசரப்படுத்தவே இல்ல. அவளைக் கூட்டிட்டு வாங்க, நானும் கூட வர்றேன்."

மாதக்கணக்கில் என்னிடமே பேசாமல் கிடந்த பெண். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஊர் வரும்வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்படிச் சந்தோஷமாக ஓரங்கட்டப்பட்ட அம்மாக்கள் இங்கே வேறு யாராவது உண்டா?